எந்த எண்ணுக்கு வரைந்த பரப்பு? – மஸ்ஜித் இந்தியா பெருமக்களுக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையில் வணிகம் புரியும் பெருமக்களுக்கும், அச்சாலைக் கட்டடங்களின் மேல்மாடிகளில் குடியிருப்போருக்கும், நடைபாதையோரம் பூவும் பலகாரமும் விற்றுக் குடும்பத்தைக் காத்துவரும் சகோதர சகோதரிகளுக்கும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒருவன் எழுதுவது.



2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள், வெள்ளிக்கிழமை காலையில், உங்கள் சாலையின் நடைபாதை திடீரென்று உள்வாங்கி ஆந்திரத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணியைத் தன்னுள் இழுத்துக்கொண்டதையும், எட்டு மீட்டர் ஆழமெனச் சொல்லப்பட்ட அக்குழியிலும் கழிவுநீர்க் குழாய்களிலும் ஒன்பது நாட்கள் தேடியும் அவ்வம்மையார் அகப்படாமற் போனதையும், தேடுதல் நடந்துகொண்டிருக்கையிலேயே 28ஆம் நாளன்று ஏறத்தாழ 50 மீட்டர் அப்பால் மற்றொரு நில அமிழ்வு நேர்ந்ததையும் நான் எடுத்துரைத்து நீங்கள் அறியவேண்டியதில்லை. அந்தத் துர்ப்பாக்கியத்துக்குக் காரணம் எது, பொறுப்பு எவருடையது என்று நிர்ணயிக்கும் அதிகாரமோ ஞானமோ எனக்கில்லை; அந்த நோக்கத்தோடு இம்மடலை எழுதவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நிலத்தடியைக் கண்ணுக்குக் காட்டுவதாக உங்கள் முன் வைக்கப்படும் சித்திரங்களைப் பற்றி, அத்தகைய சித்திரங்களைக் கணினியில் ஆக்கும் தொழிலில் நெடுநாள் ஈடுபட்டவன் என்ற உரிமையில், சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

தேடுதல் நாட்களிலேயே நிலத்தடி ரேடார் உங்கள் சாலைக்குக் கொண்டுவரப்பட்டதைப் பார்த்திருப்பீர்கள். இப்பட்டணத்தில் இனி எந்தச் சாலையைத் தோண்டினாலும், எந்த மாடிக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் போட்டாலும், இத்தகைய உபகரணங்கள் வரத்தான் செய்யும். அவற்றின் பலனாக ஒரு நாள் ஏதோ ஒரு கூட்டத்தில், திரையின் மீது, பழுப்புநிற மண்ணுக்குள் சிவப்பாகவோ நீலமாகவோ ஓர் உருண்டை மிதப்பதுபோன்ற அழகிய படம் ஒன்று காட்டப்படும். அந்த உருண்டையைச் சுட்டி “இதுதான் வெற்றிடம்” என்று ஒருவர் சொல்லலாம். உருண்டையே இல்லாத படத்தைக் காட்டி “பாருங்கள், பயப்பட ஒன்றுமில்லை” என்று மற்றொருவர் சொல்லலாம். இரண்டு சமயங்களிலும் நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இந்தப் பரப்பை எந்த எண்ணுக்கு வரைந்தீர்கள்? அக்கேள்வி ஏன் இத்தனை முக்கியம் என்பதை விளக்குவதே இம்மடலின் முழு நோக்கமுமாகும்.

முதலில் நம் காலடியில் இருப்பது என்னவென்று பார்ப்போம். பத்துமலையில் வானளாவ எழுந்து நிற்கும் அதே சுண்ணாம்புக்கல் வகைதான், கோலாலம்பூரின் பெரும்பகுதியில் வண்டலுக்கும் பழைய ஈயச் சுரங்கங்களின் கழிவு மணலுக்கும் கீழே மறைந்து கிடக்கிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சற்றே அமிலமாகி, லட்சக்கணக்கான ஆண்டுகளாக அக்கல்லைக் கரைத்து, ஓரிடத்தில் கூர்முனையாகவும் அடுத்த இடத்தில் படுகுழியாகவும் இன்னோரிடத்தில் குகையாகவும் அதைச் செதுக்கியிருக்கிறது. 2007இல் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கத்தையும், பின்னர் எம்.ஆர்.டி. ரயிலின் நிலத்தடிப் பாதையையும் குடைந்த பொறியாளர்கள் இந்தக் கரடுமுரடான பூமியோடு போராடித்தான் வழி கண்டார்கள். மண்ணின் தன்மைக்கேற்பத் தன் குழம்பின் அடர்த்தியை மாற்றிக்கொள்ளும் துளையிடும் இயந்திரம் உலகில் முதன்முதலாகப் பயன்பட்டதும் நம் நகரத்தின் எம்.ஆர்.டி. பணியில்தான். சுண்ணாம்புக்கல் கரைவதொன்றே நில அமிழ்வுக்குக் காரணமென்று எண்ணிவிடவும் கூடாது; விரிசல் கண்ட குழாயொன்று தன்னைச் சுற்றியுள்ள மணலைச் சிறிது சிறிதாக அரித்துச் சென்றாலும் தாரின் கீழே வெற்றிடம் உருவாகும். காரணம் எதுவாயினும், மேலே நடப்பவனுக்கு அது தெரியாது. ஆகவேதான் உபகரணங்களின் சாட்சியம் அவசியமாகிறது.

அந்தச் சாட்சியத்தின் இயல்பையும் அறிந்துகொள்ள வேண்டும். நிலத்தடி ரேடார் ரேடியோ அலைத் துடிப்பை மண்ணுக்குள் செலுத்தி, அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தைக் குறிக்கிறது. அது அளப்பது நேரத்தையே. அந்த நேரத்தை ஆழமாக மாற்ற அலையின் வேகம் தெரியவேண்டும். ஈரம் மிகுந்த மண்ணில் அது வெற்றிடத்து ஒளிவேகத்தில் ஐந்திலொரு பங்காகவும் குறைந்துவிடுமாதலால், வேகத்தைத் தவறாக அனுமானித்தால் ஆழமும் அதே விகிதத்தில் தவறாகிவிடும். போதாக்குறைக்கு, நம் ஊரின் ஈரக் களிமண் அந்த அலையை வெகு சீக்கிரம் விழுங்கிவிடுகிறது. மற்றொரு முறையில், நிலத்தில் வரிசையாக முளைகளை நட்டு மின்னோட்டத்தைச் செலுத்தி, மண் அதற்குக் காட்டும் தடையை அளக்கிறார்கள். நூறு மீட்டர் நீளத்துக்கு முளை நட்டால் நடுவில் ஏறத்தாழ இருபது மீட்டர் ஆழம் வரை செய்தி கிடைக்கும், வரிசையின் இரு கோடிகளிலோ மேலோட்டமான செய்தியே கிடைக்கும். இந்த மின்தடை அளவீடுகளிலிருந்து நிலத்தடியின் உருவத்தைக் கணித்தெடுக்க உலகெங்கும் பயன்படும் மென்பொருள்களுள் முதன்மையான ஒன்றை ஆக்கியவர் பினாங்கைச் சேர்ந்த லோக் மெங் ஹெங் என்பதை மலேசியர் அனைவரும் பெருமையோடு நினைவிற் கொள்ளலாம். எனினும் ஒரே அளவீட்டுத் தொகுதிக்குப் பொருந்தக்கூடிய நிலத்தடிகள் பல உண்டு. அவற்றுள் நம்பத்தக்க ஒன்றையே கணிதம் தேர்ந்து கொடுக்கிறது. ஆகவே சித்திரம் வரைவோன் கையில் வந்துசேர்வது மண்ணின் நேரடிப் பிரதி என்று எண்ணாமல், மண்ணைப் பற்றிய ஒரு தேர்ந்த ஊகம் என்றே கொள்வது முறை.

இனி அந்த ஊகம் படமாகும் விதத்தைச் சொல்கிறேன். உங்கள் சாலையில் 200 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் 20 மீட்டர் ஆழமும் கொண்ட ஒரு பகுதியை மீட்டருக்கு ஒன்றாகச் சிறு கட்டங்களாய்ப் பிரித்தால் 1,60,000 கட்டங்கள் ஆகும். ஒவ்வொன்றிலும் அவ்விடத்து மின்தடையைக் குறிக்கும் ஓர் எண் அமர்ந்திருக்கும். அந்த எண்கள் அடங்கிய கோப்பைப் பாராவியூ என்னும் மென்பொருளில் திறந்தால் முதலில் தெரிவது ஒரு வெற்றுப் பெட்டியின் விளிம்புக் கோடுகளே. பாராவியூ, அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆராய்ச்சிக்கூடமும் கிட்வேர் நிறுவனமும் 2000ஆம் ஆண்டில் கைகோத்து ஆக்கத் தொடங்கி, 2002இல் பொதுவில் வெளியிட்ட இலவச மென்பொருள்; புயலின் காற்றோட்டத்தையும் விமானச் சிறகின் அழுத்தத்தையும் ஆராய்வோர் கையாளும் அதே கருவியை நம் வீட்டுப் பிள்ளைகளும் தம் மடிக்கணினியில் ஒரு ரிங்கிட்டும் செலவின்றி இறக்கிக்கொள்ளலாம். அந்த வெற்றுப் பெட்டிக்குள் இருப்பதைக் காண இரண்டு பிரதான உபாயங்கள் உள்ளன. ஒன்று ஸ்லைஸ் எனும் வெட்டுமுகம். மற்றது ஐசோசர்ஃபேஸ் எனும் சமமதிப்புப் பரப்பு. அம்மென்பொருளின் பட்டியலில் இந்தப் பிந்தியது கான்டூர் என்ற பெயரில் இருக்கும்.

வெட்டுமுகம் எளிது. ஒரு தளத்தை இந்த ஆழத்தில், இந்தத் திசையில் நிறுத்து என்று கட்டளையிட்டால், அத்தளம் பெட்டியை எங்கெங்கே அறுக்கிறதோ அங்கங்கேயுள்ள எண்களை நிறங்களாக்கிக் காட்டும். மூன்று மீட்டர் ஆழத்தில் படுக்கைவாட்டில் ஒரு வெட்டு, ஆறு மீட்டரில் இன்னொன்று, கடைவரிசையை ஒட்டி நெட்டுக்குத்தாக ஒன்று என்று வெட்டிக்கொண்டே போகலாம். இதில் எதுவும் ஒளிக்கப்படுவதில்லை; அந்தத் தளத்தில் உள்ள உயர்ந்த எண்ணும் தாழ்ந்த எண்ணும் நடுவிலுள்ள சந்தேகத்துக்கிடமான எண்ணும் ஒருங்கே கண்முன் கிடக்கும். ஆனால் வெட்டாத இடத்தில் என்ன இருக்கிறதென்று வெட்டுமுகம் சொல்லாது. முழு உருவத்தையும் மனத்தில் கூட்டிப் பார்க்கும் உழைப்பைப் பார்ப்பவரிடமே விட்டுவிடும்.

அந்த உழைப்பைப் பார்ப்பவருக்கு மிச்சப்படுத்துவது சமமதிப்புப் பரப்பு. தேசப்படங்களில் ஒரே உயரமுள்ள இடங்களை ஒரு கோட்டால் இணைத்துக் காட்டும் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். காந்த ஊசியின் விலக்கம் சமமாயிருக்கும் இடங்களை இணைத்து எட்மண்ட் ஹாலி 1701இல் அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு ஒரு படம் வெளியிட்டார். சம வெப்பநிலைக் கோடுகளை ஹம்போல்ட் 1817இல் வரைந்தார். தட்டையான காகிதத்தில் கோடாயிருப்பது முப்பரிமாணப் பெட்டிக்குள் பரப்பாகிறது: 200 என்ற எண்ணைக் கொடுத்தால், அந்த எண் நிலவும் இடங்களையெல்லாம் தேடி ஒரு தோலைப் போர்த்திவிடும். இதைக் கணினி விரைவில் செய்வதற்கான யுக்தியை ஜெனரல் எலெக்ட்ரிக் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த லோரன்சனும் க்ளைனும் 1987இல் வெளியிட்டார்கள். ஒரு கனசதுரத்துக்கு எட்டு மூலைகள். ஒவ்வொரு மூலையும் கொடுத்த எண்ணுக்கு மேலா கீழா என்று பார்த்தால் மொத்தம் 256 விதங்களே உண்டு. கனசதுரத்தைத் திருப்பியும், மேல் கீழ் என்பதைத் தலைகீழாக்கியும் ஒப்பிட்டால் அவை 15 மாதிரிகளில் அடங்கிவிடும். எந்த மாதிரிக்கு எப்படி முக்கோணங்களை ஒட்டுவது என்பதை முன்கூட்டியே அட்டவணையில் எழுதிவைத்துவிட்டால், கணினி கனசதுரம் கனசதுரமாக நடந்து பரப்பைத் தைத்து முடித்துவிடும்.

அந்தத் தையலில் ஓரிழையை மட்டும் அருகில் நின்று பார்ப்போம். நான்கு மீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளிகள் இருப்பதாகவும், ஒன்றில் 40, மற்றதில் 360 என்ற எண்கள் கிடைத்திருப்பதாகவும் கொள்வோம். பரப்புக்கு 200 என்ற எண்ணைக் கொடுத்தால், அது இரண்டுக்கும் சரிநடுவே, முதற்புள்ளியிலிருந்து இரண்டு மீட்டரில் எழும். 120 என்று கொடுத்தால் நான்கிலொரு பங்கு தூரத்தில், அதாவது ஒரு மீட்டரிலேயே எழுந்துவிடும். மண் அசையவில்லை, உபகரணம் மாறவில்லை. எண்ணை மாற்றிய மாத்திரத்தில் வெற்றிடத்தின் சுவர் ஒரு மீட்டர் நகர்ந்துவிட்டது. அந்த ஒரு மீட்டர், உங்கள் கடையின் வாசற்படி ஆபத்து எல்லைக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதைத் தீர்மானிக்கப் போதுமானது. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த இரு புள்ளிகளுக்கும் இடையே எவரும் எதையும் அளக்கவில்லை. எண்கள் ஒரே சீராக ஏறுகின்றன என்று மென்பொருள் தானாகக் கொண்டதே தவிர வேறு ஆதாரம் அதற்கில்லை. ஒன்றரை மீட்டர் அகலக் குழி ஒன்று அவ்விடைவெளிக்குள் நுழைந்து கிடந்தாலும், பரப்பு வழவழவென்று அதன்மீது கடந்து போய்விடலாம்.

பாராவியூவில் கான்டூரைத் தேர்ந்தெடுத்து, எண் எதுவும் கொடாமல் அப்ளை பொத்தானை அழுத்தினாலும் ஒரு பரப்பு வந்துவிடும். கோப்பிலுள்ள மிகச் சிறிய எண்ணுக்கும் மிகப் பெரிய எண்ணுக்கும் நட்டநடுவான எண்ணை அதுவே எடுத்துக்கொள்ளும். அந்த நடு எண்ணுக்கும் பூகர்ப்ப சாஸ்திரத்துக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது; எங்கோ ஒரு மூலையில் பழுதுபட்ட அளவீடு ஒன்று மிகப் பெரிய எண்ணாக உட்கார்ந்திருந்தால், நடு எண்ணும் அதோடு சேர்ந்து மேலே ஏறிவிடும். அவசரத்தில் அப்படி எழுந்த பரப்பும், தக்க ஆராய்ச்சியோடு தேர்ந்த எண்ணுக்கு எழுந்த பரப்பும், ஒளியும் நிழலும் பட்டுத் திரையில் மின்னும்போது பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே அளவு மெய்யாகத்தான் தோன்றும். பரப்பின் வசீகரமே அதன் அபாயம் என்று நான் கருதுவது இதனால்தான்.

வைத்தியத் துறையில் இந்த அபாயம் குறைவு. 1971இல் முதன்முதலாக நோயாளி ஒருவரின் தலையை எக்ஸ்ரே கொண்டு வெட்டுமுகங்களாகப் படம்பிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் வழங்கும் அளவுகோலில் நீருக்குப் பூஜ்யம், காற்றுக்கு மைனஸ் ஆயிரம் என்று நிலைத்த எண்கள் உண்டு. எலும்புக்குரிய எண்கள் அவற்றினின்று வெகுதூரம் மேலே நிற்பதால், மருத்துவர் ஓர் எண்ணைக் கொடுத்து மண்டையோட்டின் பரப்பை ஐயமின்றி எழுப்பிவிடலாம். அங்குங்கூட வெட்டுமுகத்தை எவரும் கைவிட்டதில்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆராய்ச்சி மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட, கருவிலிருக்கும் சிசு மூளையின் முப்பரிமாண வரைபடத்துக்குத் தரணி என்று பெயர். 5,132 வெட்டுத் துண்டுகளைப் படமெடுத்து அடுக்கியே அந்த உருவத்தை ஆக்கினார்கள், அந்தத் துண்டுகளைத் தனித்தனியே எவரும் பார்க்கவும் வழிசெய்தார்கள். முழு உருவத்தை நம்பச் சொல்பவர் துண்டுகளையும் காட்டுவது ஆராய்ச்சியுலகின் நல்லொழுக்கம்.

மண்ணுக்கோ, நிலைத்த எண்கள் கிடையா. காற்று நிரம்பிய குகை மின்னோட்டத்தை மிகவும் தடுக்கும். கெட்டியான சுண்ணாம்புக்கல்லும் தடுக்கும். நீரும் சேறும் நிரம்பிய குகை மின்னோட்டத்தை எளிதில் விடும். ஈரக் களிமண்ணும் அப்படியே விடும். நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் நம் நகரத்தில் வெற்றிடங்கள் பெரும்பாலும் நீரும் சேறும் நிரம்பியே இருக்கக்கூடும். எனவே பெரிய எண்ணுக்கு மட்டும் ஒரு பரப்பை வரைந்துகொண்டு ‘குகை இல்லை’ என்று சொல்பவர், நீர் நிரம்பிய குகையைத் தேடாமலே தீர்ப்புச் சொன்னவராவார். சிறிய எண்ணுக்கு மட்டும் வரைபவரோ களிமண் கட்டியெல்லாம் குகையென்று ஊரை நடுங்கவைப்பார். இரண்டு எண்களுக்கும் இரண்டு பரப்புகள் வேண்டும். அவை ஐயத்துக்கிடமாய்க் காட்டும் இடங்களில் துளையிட்டு மண்ணை வெளியே எடுத்துப் பார்க்கவும் வேண்டும். துளைக்கருவி கொண்டுவரும் ஒரு குழாய் மண்ணுக்கு இருக்கும் சாட்சிய பலம் எந்தச் சித்திரத்துக்கும் கிடையாது. எங்கே துளையிடுவது என்று வழிகாட்டுவதே சித்திரத்தின் உத்தமமான பிரயோஜனம்.

பெருமக்களே! நீங்கள் தங்கம் விற்கும் தெருவில் இருப்பவர்கள். 916 என்ற முத்திரை இல்லாத வளையலை, அதன் பளபளப்பை மட்டும் கண்டு, உங்களில் எவரும் இருபத்திரண்டு காரட் என்று ஏற்றுக்கொள்ள மாட்டீர்கள். அதே விவேகத்தை நிலத்தடிச் சித்திரத்திடமும் காட்டுங்கள் என்பதே என் விண்ணப்பம். கூட்டத்தில் படம் காட்டப்படும்போது முதலாவதாக, பரப்பு எந்த எண்ணுக்கு வரையப்பட்டது, ஏன் அந்த எண், அதைச் சற்று ஏற்றியும் இறக்கியும் காட்டினால் உருவம் எப்படி மாறுகிறது என்று கேளுங்கள். சிறிதளவு மாற்றத்துக்கெல்லாம் தோன்றியும் மறைந்தும் போகிற உருண்டையை உறுதியான செய்தியாகக் கொள்ளலாகாது. இரண்டாவதாக, அதே இடத்தின் வெட்டுமுகங்களைப் படுக்கையாகவும் நெட்டாகவும் கேட்டு வாங்குங்கள். எல்லா வெட்டுமுகங்களுக்கும் ஒரே நிற அளவுகோல் இருக்கிறதா என்று பாருங்கள், ஏனெனில் படத்துக்குப் படம் அளவுகோல் மாறினால் ஒன்றில் சிவப்பாயிருப்பதும் இன்னொன்றில் சிவப்பாயிருப்பதும் வெவ்வேறு பொருளாகிவிடும். மூன்றாவதாக, எங்கெங்கே உண்மையில் அளந்தார்கள், புள்ளிக்குப் புள்ளி எத்தனை மீட்டர், அளக்க இயலாத மூலைகளில் மென்பொருள் நிரப்பிய பகுதி எது என்பதைப் படத்தின் மீதே குறித்துத் தரச் சொல்லுங்கள். புதைந்துகிடக்கும் இரும்புக் குழாய்களும் மின்கம்பிகளும் அளவீட்டைக் கலைத்திருக்கக்கூடிய இடங்களும் அதில் அடங்கவேண்டும். நான்காவதாக, ஆழம் நீளத்தைக் காட்டிலும் பெருக்கிக் காட்டப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். நீண்ட சாலையை ஒரு திரையில் அடக்குவதற்காக ஆழத்தை இரண்டு மூன்று மடங்கு இழுத்துவிடும் வழக்கம் உண்டு, அதனால் ஆழமற்ற பள்ளமும் அதலபாதாளமாகத் தோன்றும். கடைசியாக, எத்தனை துளைகள் இட்டார்கள், படம் சொன்னதை அவை மெய்ப்பித்தனவா என்று கேளுங்கள்.

இவையெல்லாம் படித்தவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம், வியாபாரிகளுக்கு எதற்கு என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். பொறியாளர்கள்மீது எனக்கு எள்ளளவும் அவநம்பிக்கை கிடையாது. மாநகர் மன்றத்திலும் புவி அறிவியல் துறையிலும் பணிபுரிவோர் இந்த வரம்புகளையெல்லாம் என்னைவிட நன்கு அறிந்தவர்கள். ஆயினும் அறிந்தவர் கையிலிருந்து படம் புறப்பட்டு, அறிக்கையின் சுருக்கமாகி, பத்திரிகையில் ஒரு சதுரமாகி, வாட்ஸ்அப்பில் வதந்தியாகி உங்களிடம் வந்து சேரும்போது எண்ணும் அளவுகோலும் வரம்பும் வழியிலே உதிர்ந்துபோய், வண்ண உருண்டை மட்டுமே மிஞ்சுகிறது. அந்த உருண்டையை நம்பித்தான் ஒருவர் கடையை விற்க நினைக்கிறார். ஒருவர் வாடகையைக் குறைக்கச் சொல்கிறார். இன்னொருவர், எதுவும் இல்லையென்று, கேட்கவேண்டிய எச்சரிக்கையையும் கேளாமல் இருந்துவிடுகிறார். ஒரு வரலாறே குடிகொண்ட இத்தெருவின் கதி, வெள்ளிக்கிழமைக் குத்பாவைத் தமிழில் கேட்கும் பள்ளிவாசலையும் தீபாவளிக்கு ஊரெல்லாம் துணியெடுக்க வரும் கடைகளையும் தாங்கி நிற்கும் இம்மண்ணின் கதி, அரைகுறையாய்ப் படித்த ஒரு படத்தால் நிர்ணயிக்கப்படலாகாது.

ஆகையால் வணிகர் சங்கங்கள் முன்வந்து, கிள்ளான் பள்ளத்தாக்கின் பல்கலைக்கழகங்களில் பூகர்ப்ப சாஸ்திரமும் கணினியும் பயிலும் நம் பிள்ளைகளில் சிலரை அழைத்து, அதிகாரிகளிடமிருந்து படங்களோடு அவற்றுக்கு ஆதாரமான எண்கோப்புகளையும் முறைப்படி கேட்டுப் பெற்று, கடையடைத்தபின் ஓரிரவு எல்லோரும் கூடித் தமிழிலும் மலாயிலும் விளக்கம் கேட்கும் ஏற்பாட்டைச் செய்யவேண்டுமென்று பணிவோடு வேண்டுகிறேன். பிள்ளைகளுக்கு அதனால் உயிருள்ள பாடம் கிடைக்கும்; உங்களுக்கு, நிற்கும் நிலத்தைப் பற்றித் தெரிந்தது எவ்வளவு, தெரியாதது எவ்வளவு என்ற தெளிவு கிடைக்கும்; அதிகாரிகளுக்கோ, கேள்வி கேட்கத் தெரிந்த பொதுமக்கள் என்ற நல்ல துணை கிடைக்கும். அந்தக் கூட்டத்துக்கு மடிக்கணினியோடு வந்து, நீங்கள் சொல்லும் எண்ணைக் கொடுத்து, நீங்கள் காட்டும் இடத்தில் வெட்டி, எத்தனை நேரமானாலும் உடனிருந்து விளக்க நான் கடமைப்பட்டவன், அழைப்பை எதிர்பார்த்திருக்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்
பிரிக்பீல்ட்ஸ்வாசி